சத்து டப்பா மகாத்மியம்

நாள்பட்ட நோய்களை வருமுன் காத்தருளும் பொருட்டு மருந்துக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் எழுந்தருளியிருக்கும் செயல்பாட்டு உணவு என்னும் பெருந்தெய்வத்துக்கும், அதன் அருமை பெருமைகளை ஆராய்ந்து அறிவிப்பதையே பிறவிப் பயனாகக் கொண்ட ஆராய்ச்சித் திலகங்களுக்கும், புனே அருகே கசார்வாடியில் குடியிருக்கும் இந்த எளியவன் தெண்டனிட்டுச் செய்யும் வணக்கம்.

எங்கள் கசார்வாடி சின்ன ஊர்தான். ஒரு பக்கம் புனே–லோனாவளா ரயில் பாதை, மறு பக்கம் பழைய மும்பை–புனே நெடுஞ்சாலை. 2022 மார்ச்சிலிருந்து தலைக்கு மேலே மெட்ரோவும் ஓடுகிறது. நாசிக் பாட்டாவில் திரும்பினால் போசரி. அங்கே லேத் பட்டறைகளும் பிரஸ் ஷாப்புகளும் மூன்று ஷிப்டிலும் மூச்சு விடாமல் உழைக்கின்றன. இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் வடாபாவும் கட்டிங் சாயாவும் சாப்பிட்டுவிட்டுப் பகலில் தூங்குவார். இப்படிப்பட்ட மக்களைக் கைவிட்டுவிடக் கூடாதே என்ற பெருங்கருணையால், செயல்பாட்டு உணவுப் பெருமான் எங்கள் மருந்துக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் கொலுவீற்றிருக்கிறார். இதயத்துக்கு ஒரு டப்பா. எலும்புக்கு ஒரு டப்பா. சர்க்கரைக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, கருவுற்ற பெண்களுக்குத் தனியாக ஒன்று. நம் முன்னோர்கள் எத்தகைய அறியாமையில் கிடந்தார்கள் என்பதை அந்த அலமாரி முன் நின்றால்தான் உணர முடியும். ஒரே களியை, ஒரே கீரையை, ஒரே மோரை முழு உடம்புக்கும் போட்டுக் குழப்பியவர்கள் அவர்கள். உறுப்புக்கு ஓர் உணவு, உணவுக்கு ஒரு டப்பா, டப்பாவுக்கு ஒரு விலை என்ற ஒழுங்கை நமக்கு வகுத்தளித்தது ஆராய்ச்சி.

அந்த ஒழுங்கின் அருளைக் கண்ணாரக் கண்டவன் நான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போசரியில் லேத் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் எங்கள் வரிசையிலேயே குடியிருக்கிறார். சர்க்கரை எட்டுக்கு மேல் என்று மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை சொன்னது. டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார், மாத்திரையை விடாமல் போடச் சொன்னார். எத்தனை கருணையற்ற சொற்கள்! இவை எதிலும் ஒரு மேற்கத்தியப் பெயரும் இல்லை, வெனிலா வாசனையும் இல்லை. அண்ணாச்சி அங்கிருந்து நேரே டப்பாவின் திருவடியில் போய் விழுந்தார். நானூறு கிராம், எழுநூறு ரூபாய்க்குக் கிட்ட. "தம்பி, இதக் குடிச்சா எறங்கிரும்லா?" என்று என்னிடம் கேட்டார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மருத்துவ ஆலோசனையின் பேரில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற செய்தி, கடுகை விடச் சிறிய ஆங்கில எழுத்தில், பார்கோடுக்குப் பக்கத்தில் அடக்கமாக ஒதுங்கி நின்றது. அண்ணாச்சிக்குத் தமிழ் படிக்க வரும், மராத்தி பேச வரும். அவருடைய மன அமைதியைக் குலைக்கக் கூடாது என்பதற்காகவே அந்த வாசகத்தை அவருக்குத் தெரியாத மொழியில், அவர் கண்ணுக்கு எட்டாத அளவில் அச்சிட்ட பெருந்தகைமையை என்ன சொல்லிப் புகழ்வேன்! அவர் நாலு இட்லியும் வடையும் சாப்பிட்டுவிட்டு, அதன் மேல் ஒரு டம்ளர் டப்பாப் பாலையும் குடித்துவருகிறார். சாப்பாட்டுக்குப் பதிலாகவா, சாப்பாட்டோடு கூடவா என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மாதத்துக்கு வரும் டப்பா இரண்டு மாதத்துக்கு வந்துவிடுமே!

தமிழரான நமக்கு இந்தப் பக்தி புதிதன்று. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ஒரு கையில் சாத்துக்குடி, மறு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் என்பது தலைமுறைகளாக நம் நற்பண்பு. 1873-இல் சிகாகோவில் இரண்டு ஆங்கிலேயச் சகோதரர்கள் தொடங்கிய தொழில், நம் வீட்டு நோயாளியின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்த கதை அது. நோயாளிக்கு உரியதாக இருந்த பானத்தை, நோயில்லாத குழந்தைக்கும் இன்றியமையாததாக ஆக்கியது அடுத்த தலைமுறையின் சாதனை. உயரம், வலிமை, கூர்மை என்று மூன்று வரங்களை அது குழந்தைகளுக்கு வாக்களித்தது. அந்த வரத்தின் விளம்பரம் தெற்காசியர்கள் பார்க்கும் சேனல் வழியாகத் தவறுதலாக இங்கிலாந்துக்குள் போய்விட்டது. 2008-இல் அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் ஆதாரம் போதவில்லை என்று அதைத் தடுத்தது. அது இங்கிலாந்து மக்களுக்காக எடுத்த விளம்பரமே அல்ல என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. எவ்வளவு பணிவான பதில்! லண்டன் குழந்தைக்கு ஆதாரம் கேட்பார்கள், மதுரைக் குழந்தைக்குக் கேட்க மாட்டார்கள் என்ற உலக நியதியை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார்களே. உண்மைக்கும் விசா வேண்டும் என்று அதற்கு முன் நமக்கு யார் சொன்னார்கள்?

பெயர் சூட்டுவதில் இவர்களுக்கு இணை மூவுலகிலும் இல்லை. பல ஆண்டுகளாக 'ஹெல்த் டிரிங்க்' என்ற திருநாமத்தில் உலா வந்தன இந்த மாவுகள். 2024 ஏப்ரலில் ஓர் இடையூறு வந்தது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கண்டுபிடித்தது. அதை ஒட்டி, இணைய அங்காடிகள் அந்த வகையிலிருந்து இப்பானங்களை எடுத்துவிட வேண்டும் என்று ஏப்ரல் 10-ஆம் தேதி மத்திய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது. வேறு யாராக இருந்தாலும் சோர்ந்து போயிருப்பார்கள். ஹார்லிக்ஸை வைத்திருக்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் அதே மாதத்தில் தன் பிரிவின் பெயரை 'ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. நாடு முழுவதும் ஒரு கரண்டி மாவு கூட இடம் மாறாமல், ஆரோக்கியத்திலிருந்து செயல்பாட்டுக்கு ஒரே மாதத்தில் குடிபெயர்ந்த வேகம் வேறு எந்தத் துறைக்கு வரும்?

சர்க்கரையைப் பற்றி வாய் திறந்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்லாவிட்டால் மகாத்மியம் முழுமையாகாது. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், போர்ன்விட்டாவில் சர்க்கரை மிகுதி என்று ஒரு வீடியோ வெளியிட்டார். நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். ஒரு கரண்டி அளவில், அதாவது 20 கிராமில், கூடுதலாகச் சேர்த்த சர்க்கரை ஏறக்குறைய ஒன்றரை ஸ்பூன்தான் என்று நிறுவனம் எடுத்துரைத்தது. நியாயந்தானே! குழந்தை 20 கிராமோடு நிறுத்திக்கொள்ளும் என்றும், தாய் அதன் மேல் தனியாகச் சர்க்கரை போட மாட்டாள் என்றும், காலையில் ஒரு தடவையோடு அன்றைய இனிப்பு முடிந்துவிடும் என்றும் நம்பும் அந்த வெள்ளை உள்ளம் யாருக்கு வரும்? அதே ஆண்டு டிசம்பரில் 100 கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரையை அவர்கள் 32.2 கிராமாகக் குறைத்தார்கள். குற்றமே இல்லாத இடத்தில் திருத்தம் செய்வதுதான் பெரியோர் பண்பு.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். இதுவே நம் பாராட்டின் கருவறை.

சாதாரண விஞ்ஞானிகள் கேள்வியோடு கிளம்புவார்கள். விடை என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியாது, தூக்கமும் வராது. செயல்பாட்டு உணவு ஆராய்ச்சியில் அந்தப் பதற்றமே கிடையாது. டப்பாவின் முன்பக்கத்தில் எந்த வாக்கியம் வர வேண்டுமோ அதை முதலில் எழுதிவிட்டு, அதை நோக்கி ஆய்வைத் தேரிழுத்து வருகிறார்கள். பழச்சாறு, பால், குளிர்பானம் பற்றிய ஆய்வுகளை அலசிய ஒரு கட்டுரை 2007-இல் வந்தது. முழுக்க நிறுவனப் பணத்தில் நடந்த ஆய்வுகள், நிறுவனப் பணமே வாங்காத ஆய்வுகளைவிட, பணம் கொடுத்தவருக்குச் சாதகமான முடிவைத் தருவது நான்கிலிருந்து எட்டு மடங்கு அதிகம் என்று அது காட்டியது. சிலர் இதைக் குறையாகப் பேசுகிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்த நாம் அப்படிப் பேசலாமா? செய்ந்நன்றி மறவாத விஞ்ஞானம் இது. 1960-களிலேயே அமெரிக்கச் சர்க்கரைத் தொழில்துறையின் அமைப்பு ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் அளித்தது. 1967-இல் வந்த அவர்களுடைய கட்டுரை இதய நோய்க்கான பழியைச் சர்க்கரையின் தலையிலிருந்து இறக்கிக் கொழுப்பின் மேல் வைத்தது. பணம் வந்த வழி வெளியே தெரிய 2016 வரை ஆனது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்த அந்த ரகசியத்துக்குப் பொறுமைக்கான பரிசு ஒன்று தனியே ஏற்படுத்த வேண்டும்.

ஐரோப்பியர்களுக்கு இந்த நன்றியுணர்வு போதாது. அங்கே உணவுகளுக்கான ஆரோக்கிய வாக்குறுதிகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. ஆயிரக்கணக்கில் வந்தவற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சலித்தெடுத்த பின், 2012-இல் அனுமதிக்கப்பட்டவை 222 மட்டுமே என்று பட்டியல் வந்தது. மீதியில் பல ஆதாரமில்லை என்று திரும்பிப் போயின. அமெரிக்காவிலோ, செரிமானத்தைச் சீராக்கும், சளி பிடிக்காமல் காக்கும் என்று தன் தயிரைப் பாராட்டிக்கொண்ட டனோன் நிறுவனம், 2010-இல் 39 மாநிலங்களுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. தயிரைப் புகழ்ந்ததற்கு அபராதம்! நம் ஊரில் தயிரைப் புகழாத பாட்டி உண்டா? அவர்களில் ஒருவராவது அதற்காக ஒரு கப் தயிரையேனும் கூடுதல் விலைக்கு விற்றார்களா என்று கேட்பீர்கள். விற்கவில்லை. அதனால்தான் அவர்கள் பாட்டிகளாகவே இருந்துவிட்டார்கள்.

நம் மருத்துவப் பெருமக்களும் பின்தங்கிவிடவில்லை. 2008-இல் இந்திய மருத்துவ சங்கம் பெப்சிகோவோடு ஒப்பந்தம் செய்து, டிராபிகானா பழச்சாற்றுக்கும் குவேக்கர் ஓட்ஸுக்கும் தன் முத்திரையை வழங்கியது. வைத்தியரின் கையொப்பம் மருந்துச் சீட்டோடு நின்றுவிடாமல் சாற்று டப்பா வரை பரவிய பொற்காலம் அது. மருத்துவக் கவுன்சில் அதை ஒழுக்கக் கேடென்று கருதி நடவடிக்கை எடுத்தது. பழத்தில் நார் இருக்கும், சாற்றில் அது போய்ச் சர்க்கரை நிற்கும் என்று நீரிழிவுக்காரரிடம் மருத்துவமனை அறைக்குள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்த அதே தொழில்தான், வெளியே அந்தச் சாற்றுக்கு முத்திரை குத்தியது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பக்கமும் மக்களுக்கு உதவும் இந்தப் பரந்த மனம் போற்றத்தக்கது.

எங்கள் புனேக்கும் இந்தத் துறையில் பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெருமிதம். சந்தை ஆய்வு நிறுவனங்கள் மலிந்த நகரம் இது. செயல்பாட்டு உணவுச் சந்தை இன்னும் எத்தனை ஆண்டில் எத்தனை பில்லியன் டாலராக உயரும், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளரும் என்று கணித்து, பல ஆயிரம் டாலருக்கு அறிக்கை விற்கிறார்கள். நோய்த் தடுப்பு உணவைப் பற்றிய ஆராய்ச்சி என்றாலும் அவற்றில் நோயாளியின் தொல்லை இராது, உணவின் நாற்றமும் இராது. வளரும் கோடு மட்டும் வலப்புறம் மேலே ஏறிப் போகும். ஐசிஎம்ஆர்–இந்தியாப் என்ற பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் என்று 2023-இல் சொன்னது. அதைப் படித்து என் போன்ற அற்பர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டோம். சந்தை ஆய்வின் ஞானக்கண்ணுக்கோ அந்த 13.6 கோடிப் பேரும் இன்னும் டப்பா வாங்காத 13.6 கோடி வாடிக்கையாளர்களாகக் காட்சியளித்தார்கள். நோக்கு என்றால் இதுவல்லவா நோக்கு!

இதே புனேயில் வேறு சிலர் முப்பது வருடங்களாகக் காலத்தை வீணடித்த வரலாற்றையும் வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 1993-இல் புனேக்கு அருகே ஆறு கிராமங்களுக்குப் போனார்கள். போய் என்ன விற்றார்கள்? ஒன்றும் விற்கவில்லை. கருவுற்ற பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதினார்கள். பிறந்த குழந்தையை நிறுத்தார்கள், அளந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர வளர விடாமல் பின்தொடர்ந்தார்கள். எடையில் மெலிந்தும் உடம்புக்குள் கொழுப்பு மிகுந்தும் பிறக்கிறது நம் குழந்தை, நீரிழிவின் விதை கருப்பையிலேயே விழுந்துவிடுகிறது என்ற அபாயகரமான செய்தியைக் கொண்டுவந்தார்கள். எந்தத் தாயின் உணவில் குழந்தை நன்றாக வளர்ந்தது என்று தேடினால், கலோரிக் கணக்கும் புரதக் கணக்கும் அதைச் சொல்லவில்லை. பச்சைக் கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி சாப்பிட்டவர்களின் குழந்தைகள்தான் பெரிதாகப் பிறந்தார்கள் என்று 2001-இல் எழுதிவிட்டார்கள்.

எத்தனை பெரிய தோல்வி பாருங்கள்! கீரைக்கு யார் காப்புரிமை கொடுப்பார்கள்? கசார்வாடிச் சாலையோரம் கோணிச் சாக்கை விரித்து மேத்தியும் ஷேப்புவும் அம்பாடியும் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும் கீரைக்கார மாவ்ஷியிடம் போய் ஒப்பந்தம் போடவா முடியும்? வாடிப் போகும் சரக்கு; பிராண்ட் இல்லை; டப்பா இல்லை; முன்பக்கம் பின்பக்கம் என்றே ஒன்றும் இல்லை. முடிவு உண்மையாக இருந்து என்ன பயன், விற்க முடியாவிட்டால்?

அதோடு நிற்கவில்லை அவர்களுடைய இடைஞ்சல். அந்தக் கிராமத்துத் தாய்மாரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வைட்டமின் பி-12 குறைவு என்று கண்டார்கள். பி-12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் தடை மிகுந்திருந்தது என்று 2008-இல் எழுதினார்கள். ஒரு சத்தை மட்டும் அள்ளிப் போட்டால் நன்மைதான் விளையும் என்று சொல்லிவிட முடியாது, ஒன்றோடொன்று பொருந்தி இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள். எல்லா மாவிலும் எல்லா வைட்டமினையும் தூவி, '23 சத்துகள்', '27 சத்துகள்' என்று டப்பாவின் நெற்றியில் திருநீறு பூசுகிற கைங்கரியத்துக்கு இது எப்பேர்ப்பட்ட அவமரியாதை!

மும்பையில் இன்னும் துணிந்துவிட்டார்கள். குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஒரு தின்பண்டம் கொடுத்தார்கள். கீரை, பழம், பால் சேர்த்துச் செய்தது, சமோசா மாதிரி தினம் ஒன்று. இன்னொரு குழுவுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றில் செய்தது. கர்ப்ப கால நீரிழிவு இரண்டாம் குழுவில் 12.4 சதவீதம், கீரைக் குழுவில் 7.3 சதவீதம். இதுதான் அசலான செயல்பாட்டு உணவு என்று நினைப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். அதைவிட வெட்கக்கேடு, மொத்தமாகப் பார்த்தால் பிறப்பு எடை குறிப்பிடும்படி கூடவில்லை என்பதையும், கருத்தரிப்பதற்கு மூன்று மாதமாவது முன்னால் தொடங்கியவர்களிடம்தான் அது கூடியது என்பதையும் அந்த ஆய்வாளர்களே அச்சில் ஒப்புக்கொண்டார்கள். எதிர்பார்த்தது வராவிட்டால் அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்ற அடிப்படை நாகரிகம் கூட இல்லாதவர்களிடம் நம் துறை என்ன கற்றுக்கொள்ள முடியும்?

உயர்ந்த நாகரிகத்துக்கு ஜப்பானைப் பார்க்க வேண்டும். செயல்பாட்டு உணவு என்ற எண்ணத்தையே உலகுக்கு அளித்த நாடு அது. 1991-இல் அரசு முத்திரை கொடுக்கும் முறையைத் தொடங்கியது. அரசு சோதித்து முத்திரை தருவது கால தாமதமாகிறது என்று, 2015-இல் நிறுவனமே ஆதாரத்தைத் திரட்டி அரசுக்குத் தெரிவித்துவிட்டு விற்கலாம் என்று இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியாக வந்ததுதான் கோபயாஷி நிறுவனத்தின் செந்நொதி அரிசி மாத்திரை. கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்று வாக்களித்தது. சாப்பிட்டவர்களின் சிறுநீரகம் கெடுகிறது என்ற செய்தி 2024 ஜனவரியில் நிறுவனத்துக்கு எட்டியது. மார்ச் 22-ஆம் தேதி உலகுக்குச் சொன்னார்கள். இடைப்பட்ட இரண்டு மாதம் அவர்கள் காத்த அமைதி, துறவிகளுக்கே கைவராதது. முதலில் ஐந்து இறப்புகள் கணக்கில் வந்தன. பிறகு இன்னும் பல இறப்புகளை விசாரிக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலையில் பூஞ்சைக் கலப்பு என்று காரணம் சொன்னார்கள். இதயத்தைக் காக்க வாங்கியவர்கள் சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள்பட்ட நோயைத் தடுக்க இன்னொன்றை வழங்கும் இந்தப் பண்டமாற்றின் ஆழத்தை எளிய மனம் எப்படி அளக்கும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தை வாழ்த்தாமல் முடிப்பது நன்றிகெட்ட செயல். 2016-இல் அது செயல்பாட்டு உணவுகளுக்கும் ஊட்டத் துணைப் பொருள்களுக்கும் தனி விதிமுறை வகுத்தது. 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று ஊட்டத் துணைப் பொருள்களின் மேல் அச்சிடச் சொன்னதும் அந்த விதியே. முன்பக்கத்தில் நீரிழிவின் பெயரையும் இதயத்தின் படத்தையும் போட்டுக்கொள்ளலாம். பின்பக்கத்தில் இது மருந்தல்ல என்று சொல்லிவிட்டால் போதும். முன்புறம் வாங்குபவருக்கு, பின்புறம் வழக்கறிஞருக்கு என்று ஒரே டப்பாவில் இருவருக்கும் இடமளித்த சமரச ஞானம் வேறெங்கும் கிடையாது.

சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் எவ்வளவு என்று டப்பாவின் முன்பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று நெடுங்காலமாகச் சிலர் கூச்சலிட்டு வருகிறார்கள். சிலி நாடு 2016-இல் அவசரப்பட்டு, சர்க்கரை மிகுந்த பண்டத்தின் முகத்தில் கறுப்பு எண்கோணத்தை ஒட்டிவிட்டது. அழகிய டப்பாவை அப்படி அலங்கோலப்படுத்தலாமா? நாம் நிதானக்காரர்கள். 2022 செப்டம்பரில் ஒரு வரைவு வெளியிட்டோம். அதில் கறுப்பு எச்சரிக்கைக்கு இடமில்லை. ஹோட்டலுக்குக் கொடுப்பது போல நட்சத்திரம் கொடுக்கலாம் என்று யோசித்தோம். பிறகு கருத்துக் கேட்டோம், ஆலோசித்தோம், மறுபடி ஆலோசித்தோம். 2025-இல் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத் தவணை கொடுத்தது. அது முடிந்ததும் இன்னும் மூன்று மாதம் கொடுத்தது. நீரிழிவு பத்து வருடம் சத்தமில்லாமல் உடம்பில் வளரும் நோய். அதற்கு ஈடு கொடுக்கும் பொறுமை இந்த நாட்டில் ஆணையத்துக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவால் வருவது என்று ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்கிறது. புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. கீரை, காய், பருப்பு, சிறுதானியம் சாப்பிடச் சொல்கிறது. பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சிறுதானியத்தைக் கூட நம் துறை விட்டுவைக்கவில்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை போலும். சிறுதானிய ஆண்டான 2023-க்குப் பிறகு கடைக்குக் கடை ராகி பிஸ்கட். பல பாக்கெட்டுகளில் பொருள் பட்டியலின் முதல் பெயர் மைதா. ராகி பின்னால் பணிவாக வருகிறது. களியாகவும் கூழாகவும் ஏழை வீட்டில் கிடந்த ராகியை மைதாவின் தோளில் ஏற்றி, சர்க்கரையால் அபிஷேகம் செய்து, ஏழை வாங்க முடியாத விலைக்கு உயர்த்திய சமூக நீதியை யார் மறுப்பார்கள்? இங்கே மராட்டிய நாட்டில் சோளப் பாக்ரி தட்டுகிற கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. மாவு பிசைய, தட்ட, சுட நேரம் வேண்டும். இரண்டு ஷிப்டு வேலை பார்க்கும் வீட்டில் அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று எந்த ஆய்வும் கேட்கவில்லை. கேட்டால் விடை டப்பாவுக்குள் அடங்காது. கூலி, வேலை நேரம், தண்ணீர், வாடகை என்று நீண்டு போகும். அந்த இழிந்த விஷயங்களிலிருந்து நோய்த் தடுப்பை மீட்டு, ஸ்பூன் கணக்குக்குள் கொண்டுவந்து நிறுத்தியதுதான் செயல்பாட்டு உணவு ஆராய்ச்சியின் ஆகப் பெரிய கொடை.

ஆகவே, அன்பார்ந்த வாசகப் பெருமக்களே, உங்கள் திருப்பாதங்களில் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இந்தத் தெய்வத்தை வீட்டுக்கு அழைத்து வரும்போது அதைப் பின்பக்கமாகத் திருப்பி அவமதிக்காதீர்கள். பார்கோடுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்காதீர்கள். 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்ற வரியில் விரலை வைக்காதீர்கள். பொருள் பட்டியலில் முதலில் வருவது எது என்று பார்க்காதீர்கள், ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்காதீர்கள். எழுநூறு ரூபாய்க்கு எத்தனை கட்டுக் கீரை வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த மகத்தான துறைக்கு அதைவிடப் பெரிய துரோகம் நீங்கள் செய்ய முடியாது.